கனமாக இழுப்பது ட்ரவுட்டா, வைட்ஃபிஷா? மலையாற்றுத் தூண்டில்காரருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மேற்கு அமெரிக்க மலையாறுகளில் ஃப்ளை (பூச்சி போலக் கட்டிய போலி இரை) தூண்டில் போடுகிறவர் எவரும் இதிலிருந்து தப்பியதில்லை. தக்கை சட்டென்று உள்ளே போகும். கம்பு வளையும். மீன் ஆற்றின் அடியைப் பிடித்துக்கொண்டு மேலே வர மறுக்கும். "பிரவுன் ட்ரவுட்டேதான், அம்பது சென்டிமீட்டர் தாராளமா இருக்கும்" என்று பக்கத்தில் நிற்பவர் சொல்லிவிடுவார். ஒருவர் கேமராவை எடுப்பார். கடைசியில் கைவலைக்குள் வந்து கிடப்பது குட்டி வாயும் வெள்ளி உடம்புமாக ஒரு வைட்ஃபிஷ். அல்லது இன்னும் மோசமாக, தொங்கும் உதட்டோடு ஒரு சக்கர்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முப்பது வருடம் ஆற்றில் நின்றவர்களும் முதல் அரை நிமிடம் ஏமாறுகிறார்கள். ஆனால் கடைசி நிமிடம் வரை ஏமாறத் தேவையில்லை. பெரும்பாலோர் கம்பில் தெரியும் கனத்தை வைத்து முடிவு கட்டுகிறார்கள். கனம்தான் இருப்பதிலேயே நம்பக்கூடாத சாட்சி. இடம், கடி, இழுப்பு, தண்ணீருக்குள் தெரியும் பளபளப்பு, கடைசியில் வாயும் துடுப்பும் என்று மலையாறு ஒவ்வொரு துப்பாகத் தரும். அந்த வரிசையிலேயே படித்தால் போதும்.

நான் இங்கே மாண்டானா மாநிலத்தை மனதில் வைத்து எழுதுகிறேன். ஹோல்டர் அணைக்குக் கீழே ஓடும் மிசௌரி, மேடிசன், யெல்லோஸ்டோன் போன்ற ஆறுகள். ஐடஹோவிலும் வயோமிங்கிலும் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

முதலில், யார் யார் ஆற்றில் இருக்கிறார்கள்

எல்லோரும் தேடி வருவது பிரவுன் ட்ரவுட், ரெயின்போ ட்ரவுட், கட்த்ரோட் ட்ரவுட் இவற்றைத்தான். இவற்றில் கட்த்ரோட் மட்டுமே இந்த ஆறுகளுக்குப் பூர்வீகம். பிரவுன் ஐரோப்பிய மீன். 1883-ல் ஜெர்மனியிலிருந்து முட்டைகளாக அமெரிக்காவுக்கு வந்து, அப்புறம் மேற்கே பரவியது. ரெயின்போ பசிபிக் கரையோர ஆறுகளிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. (நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் ட்ரவுட் பார்த்திருந்தால், அதுவும் இதே ரெயின்போதான். வெள்ளைக்காரர்கள் போன மலைகளுக்கெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.) மாண்டானா 1974 முதல், ட்ரவுட் தானாகப் பெருகக்கூடிய ஆறுகளில் பண்ணை மீன் விடுவதை நிறுத்திவிட்டது. அதனால் இங்கே கிடைக்கும் 50 சென்டிமீட்டர் ட்ரவுட் ஆற்றிலேயே பிறந்து வளர்ந்தது. 20 அங்குலம் என்ற அந்த அளவைத் தாண்டினால்தான் ட்ராஃபி என்று பொதுவாகச் சொல்வார்கள்.

யாருக்கும் வேண்டாத மீன் என்று பெயர் வாங்கியதில் முதலிடம் மவுண்டன் வைட்ஃபிஷுக்கு. குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. வைட்ஃபிஷ் வேறு ஏதோ மீன் அல்ல. சால்மனும் ட்ரவுட்டும் சேர்ந்த அதே குடும்பம். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே, எலும்பில்லாத சின்னச் சதைத் துடுப்பு ஒன்று ட்ரவுட்டுக்கு இருக்கும், கொழுப்புத் துடுப்பு என்பார்கள். அது வைட்ஃபிஷுக்கும் உண்டு. அதே குளிர்ந்த தண்ணீர், அதே பூச்சிப் புழுக்கள், பெரும்பாலும் அதே மடு. வழக்கமாக 25 முதல் 40 சென்டிமீட்டர். அதற்கு மேலும் வளர்ந்தவை உண்டு, ஆளை ஏமாற்றுவது அவைதான்.

அடுத்தது சக்கர் வகைகள். அடியில் கிடப்பதை உறிஞ்சித் தின்னும் உதடுகள் கீழ்நோக்கி இருக்கும். ராக்கி மலைத்தொடருக்கு மேற்கே, கொலம்பியா நதிக்குப் போய்ச் சேரும் ஆறுகளில் நார்தர்ன் பைக்மின்னோ என்ற நீள வாய்க்காரரும் உண்டு.

படி 1: இடத்தையும் மாதத்தையும் வைத்து ஒரு கணக்குப் போடுங்கள்

தூண்டில் போடும் முன்பே பாதி விடை தெரிந்துவிடும். நடு ஆற்றில், நடக்கும் வேகத்துக்கும் மெதுவாகத் தண்ணீர் ஓடும் ஆழமான பகுதி, அடியில் கூழாங்கல். இங்கே நிம்ஃப் எனப்படும் சின்ன மூழ்கு ஃப்ளையை அடிக்கு இறக்கி ஓட்டினால், வருவது வைட்ஃபிஷாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அவை கூட்டமாக நிற்கும், குளிர்காலத்தில் இன்னும் நெருக்கமாக. ஒரே இடத்தில் அடுத்தடுத்து இரண்டு வைட்ஃபிஷ் வந்தால் மூன்றாவதும் அதுதான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பெரிய பிரவுன் இதற்கு நேர் எதிர். தனிமை விரும்பி. கரை குடைந்து உள்வாங்கிய இடம், விழுந்து கிடக்கும் மரத்தின் நிழல், பெரிய பாறைக்கு முன்னும் பின்னும் இருக்கும் சிறு இடம் என்று ஒளிவிடம் பார்த்து நிற்கும்.

மாதமும் முக்கியம். அக்டோபர், நவம்பரில் பிரவுனும் வைட்ஃபிஷும் ஏறக்குறைய ஒரே சமயம் முட்டையிடும். பிரவுன் சரளைக்கல்லில் வாலால் பள்ளம் தோண்டி முட்டையிட்டு மூடும். வைட்ஃபிஷ் அந்த வேலையெல்லாம் செய்யாது, முட்டைகளைத் தண்ணீரில் அப்படியே தூவிவிட்டுப் போய்விடும். தூவிய முட்டைகளைத் தின்னக் கீழே ட்ரவுட் வந்து நிற்கும். ஆக, அந்தப் பருவத்தில் வைட்ஃபிஷ் கூட்டத்துக்குச் சற்றுக் கீழே முட்டை வடிவ ஃப்ளையை ஓட்டினால் வருவது ட்ரவுட்டாகவும் இருக்கலாம். ஒரு வைட்ஃபிஷ் வந்ததும் எரிச்சலோடு இடத்தை விட்டுப் போகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

வசந்தத்தில் ஆபத்து சக்கர்தான். அதைப் படி 4-ல் சொல்கிறேன்.

படி 2: கடியைக் கவனியுங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள்

வைட்ஃபிஷ் கடி பெரும்பாலும் படபடவென்று இரண்டு மூன்று சின்னத் தட்டல். ட்ரவுட் எடுத்தால் தக்கை ஒரே போக்கில் அமிழும் அல்லது அப்படியே நின்றுவிடும். பொதுவாகச் சரி, ஆனால் விதிவிலக்கு ஏராளம். தக்கை நின்று, கல்லில் மாட்டியதுபோல் தோன்றி, அப்புறம் அந்தக் கல் மெல்ல நகர ஆரம்பித்தால் பெரிய பிரவுனும் இருக்கலாம், சக்கரும் இருக்கலாம். இந்த நிலையில் செய்ய வேண்டியது ஒன்றே: ட்ரவுட் என்றே வைத்துக்கொண்டு, அவசரப்படாமல் நூல் விட்டு இழுத்து மீனைக் களைக்க விடுங்கள். வைட்ஃபிஷ்தான் என்று அலட்சியமாக இழுத்து, நூல் அறுந்து போனபின் அது என்ன மீன் என்பது யாருக்கும் தெரியப் போவதில்லை.

படி 3: இழுப்பைப் படியுங்கள்

இங்கேதான் பொறுமை வேண்டும். முதல் பத்து நொடியில் எல்லா மீனும் பெரிய மீன்தான்.

ரெயின்போ என்றால் பெரும்பாலும் உடனே தெரிந்துவிடும். நீளமாக ஓடும், தண்ணீரை விட்டு எகிறும். வைட்ஃபிஷும் சக்கரும் எகிறுவது அபூர்வம். முழு உடம்பும் காற்றில் தெரிந்தால் சந்தேகம் ஏறக்குறைய தீர்ந்தது.

பிரவுன் அடியில் நின்று தலையை இடம் வலமாக உதறும். அந்த உதறல் கம்பின் நுனியில் மெதுவாகவும் அகலமாகவும் தெரியும். மீன் பெரிதாக ஆக, உதறலுக்கு நடுவே இடைவெளி கூடும். அப்புறம் நேராக ஏதாவது ஒரு மறைவை நோக்கி, மரவேர் அல்லது பாறை இடுக்கை நோக்கி இழுக்கும். எங்கே போகிறது என்பதில் ஒரு நோக்கம் தெரியும்.

வைட்ஃபிஷும் அடியில்தான் நிற்கும், அதனால்தான் பிரவுன் என்று தோன்றுகிறது. வித்தியாசம், அதன் உதறல் வேகமானது, குறுகலானது. கொஞ்சம் மேலே தூக்கினால் தன்னைத்தானே சுற்றிச் சுழலும். நூல் முறுக்கிக்கொள்வதைக் கையில் உணரலாம். இரண்டு ஃப்ளை கட்டியிருந்தால் இரண்டாவது ஃப்ளை மீனின் உடம்பில் சுற்றி, சிடுக்கெடுக்கும் வேலை வந்து சேரும். முதல் ஓட்டம் முடிந்ததும் திரும்பத் திரும்ப அதே அளவு பலத்தில் கீழே போகப் பார்க்கும், ஆனால் மறைவைத் தேடாது.

சக்கருக்கு உதறலே குறைவு. ஈரச் சாக்குமூட்டையை இழுப்பதுபோல் ஒரே சீரான கனம்.

இப்போது கனத்தைப் பற்றி. ஒரு கிலோ மீன் உங்களுக்குக் கீழே, வேகமான நீரோட்டத்துக்குக் குறுக்கே உடம்பைத் திருப்பினால், மீனின் இழுப்போடு ஆற்றின் தள்ளலும் கம்பில் ஏறும். நீங்கள் இழுப்பது மீனை மட்டுமல்ல. இதைச் சரிபார்க்க, மீனுக்கு நேர் எதிராகவோ சற்றுக் கீழாகவோ கரையோரம் நடந்து போய், கம்பைப் பக்கவாட்டில் சாய்த்து இழுங்கள். நீரோட்டத்தின் பங்கு குறைந்ததும் "மூன்று கிலோ" மீன் பல நேரம் ஒரு கிலோவாகிவிடும். குறையாமல் இருந்தால் நெஞ்சு படபடக்கலாம், தப்பில்லை.

இன்னொரு ஏமாற்று, தூண்டில் முள் வாயில் படாமல் முதுகிலோ வாலிலோ மாட்டுவது. நெருக்கமாக நிற்கும் வைட்ஃபிஷ், சக்கர் கூட்டங்களில் இது அடிக்கடி நடக்கும். வாயில் மாட்டிய மீனின் தலையைத் திருப்பலாம். வாலில் மாட்டியதைத் திருப்ப முடியாது, அது தன் முழுப் பலத்தோடும் நேராக ஓடும். முப்பது சென்டிமீட்டர் மீன் அறுபது போல் இழுக்கும். கம்பை எந்தப் பக்கம் சாய்த்தாலும் மீன் திரும்பவே இல்லை என்றால் இதைச் சந்தேகியுங்கள். அதை இழுத்துக் களைப்படையச் செய்யாமல் சீக்கிரம் கொண்டுவந்து விட்டுவிடுங்கள்.

படி 4: தண்ணீருக்குள் தெரியும் பளபளப்பு

மீன் அடியிலிருந்து முதல்முறை புரளும்போது ஒரு கணம் ஒளி தெறிக்கும். தண்ணீர் மேல் கூசும் ஒளியைத் தடுக்கும் போலரைஸ்டு கண்ணாடி போட்டிருக்க வேண்டும். அது இல்லாமல் இந்தப் படிக்கு அர்த்தமில்லை.

வெண்ணெய் போல மஞ்சள் தெறித்தால் பிரவுன். முதுகு பழுப்பாக, பக்கமெல்லாம் புள்ளியில்லாத வெள்ளியாக, புதுப் பாத்திரம் போல மின்னினால் வைட்ஃபிஷ். வெள்ளியோடு இளஞ்சிவப்புப் பட்டை தெரிந்தால் ரெயின்போ என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் அதை அப்படியே ஏற்காதீர்கள். லாங்நோஸ் சக்கர் ஆணுக்கு முட்டையிடும் பருவத்தில் பக்கவாட்டில் நல்ல சிவப்புப் பட்டை வரும். ரெயின்போவும் வசந்தத்தில்தான் முட்டையிடும், அதுவும் அப்போது சிவந்திருக்கும். இரண்டும் ஒரே ஆற்றில், ஒரே வாரத்தில். கலங்கல் தண்ணீரில் அரை மீட்டர் சக்கரின் சிவப்புப் பட்டையைப் பார்த்துவிட்டு, வாழ்நாள் ரெயின்போ என்று கத்தாதவர் குறைவு.

அப்போது பார்க்க வேண்டியது நிறத்தை அல்ல, உருவத்தை. சக்கரின் தலை சதுரமாக, உடம்பு உருளையாக இருக்கும். முதுகுத் துடுப்புக்குப் பின்னால் வால் வரை முதுகு வெறுமையாக இருக்கும். கொழுப்புத் துடுப்பு கிடையாது.

அளவு விஷயத்தில் தண்ணீரும் பொய் சொல்லும். ஒளி விலகுவதால் மேலிருந்து பார்க்கும் மீன் உண்மையான ஆழத்தைவிட மேலே இருப்பதாகத் தோன்றும். நேர் மேலிருந்து பார்த்தால் ஆழத்தில் முக்கால் பங்குதான் தெரியும். பக்கத்தில் இருப்பதாகத் தெரிவது பெரிதாகவும் தெரியும். நீளத்தை அறிவிக்கும் வேலையை வலைக்குள் வந்தபின் வைத்துக்கொள்ளலாம்.

படி 5: வலைக்குள் தீர்ப்பு

முடிச்சில்லாத ரப்பர் வலை நல்லது, மீனின் மேல்தோல் வழவழப்பு போகாது. மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு, கையை நனைத்துக்கொண்டு, இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் வாய். ட்ரவுட்டின் வாய்க்கோடு கண்ணுக்குக் கீழேயோ அதைத் தாண்டியோ போகும். உள்ளே பல் உண்டு, விரலில் உரசும். வைட்ஃபிஷின் வாய் குட்டி. மூக்குக்குச் சற்றுக் கீழே இருக்கும், கண் வரை எட்டாது, பல்லும் இல்லை. சக்கரின் உதடு தடித்துக் கீழ்நோக்கி இருக்கும். பைக்மின்னோவின் வாய் பெரியதுதான், கண் வரை வரும், ஆனால் தாடையில் பல் கிடையாது.

இரண்டாவது கொழுப்புத் துடுப்பு. இல்லையென்றால் ட்ரவுட் இல்லை, வைட்ஃபிஷும் இல்லை. பைக்மின்னோவும் சக்கரும் இங்கேயே கழிந்துவிடும். இருந்தால் மேலே பாருங்கள்.

மூன்றாவது செதில். வைட்ஃபிஷின் செதில்களைத் தனித்தனியாகக் கண்ணால் பார்க்கலாம், அத்தனை பெரிது. தலையிலிருந்து வால் வரை உடம்பின் பக்கவாட்டில் ஓடும் பக்கக்கோட்டில் எண்ணினால் பொதுவாக 90-ஐத் தாண்டாது. ட்ரவுட்டுக்கு 100-ஐத் தாண்டும், தொட்டால் செதிலே இல்லாததுபோல் வழுக்கும். இலையுதிர்காலத்தில் வைட்ஃபிஷ் உடம்பு சொரசொரப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம், முட்டையிடும் பருவத்தில் செதில்களில் வரும் சிறு முண்டுகள் அவை.

புள்ளி, வால் எல்லாம் இதற்குப் பின்தான். வைட்ஃபிஷுக்குப் புள்ளியே கிடையாது, வால் ஆழமாகப் பிளந்திருக்கும். பெரிய பிரவுனின் வால் ஏறக்குறைய நேராக வெட்டியதுபோல் இருக்கும். கட்த்ரோட்டுக்குத் தாடைக்குக் கீழே இருபுறமும் சிவப்புக் கீறல்.

இத்தோடு நிறுத்திவிடாதீர்கள். இதே குழப்பம் மறுபக்கமும் நடக்கும், அதற்கு விலை அதிகம். மாண்டானாவின் பிக் ஹோல் ஆற்றில் ஆர்க்டிக் கிரேலிங் என்ற பூர்வீக மீன் இருக்கிறது. அதற்கும் வாய் சிறியது, செதில் பெரியது. குட்டி கிரேலிங்கை வைட்ஃபிஷ் என்று எண்ணி எடுத்துப் போய்விடுவார்கள். கிரேலிங்கின் முதுகுத் துடுப்பு பாய்மரம் போல நீண்டு உயர்ந்திருக்கும், உடம்பின் முன்பகுதியில் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். மேற்குப் பக்க ஆறுகளில் புல் ட்ரவுட் உண்டு. கொலம்பியா படுகையில் அதை 1998-ல் அழியும் அபாயமுள்ள இனங்களின் சட்டப் பட்டியலில் சேர்த்தார்கள். முதுகுத் துடுப்பில் கறுப்பே இல்லையென்றால் உடனே தண்ணீரில் விட்டுவிட வேண்டும் என்பது அங்கே குழந்தைக்கும் தெரிந்த பாடம்.

படி 6: ட்ரவுட்தான் என்றால் அளப்பது

வலையிலேயே அளவுகோல் அச்சிட்டு விற்கிறார்கள், அதை வாங்குங்கள். கைச்சாண் கணக்கு வேண்டாம். எடைக்குத் தொங்கு தராசில் மாட்டாமல், நீளத்தையும் உடம்பின் சுற்றளவையும் அங்குலத்தில் எடுத்து, சுற்றளவை இருமுறை நீளத்தோடு பெருக்கி 800-ஆல் வகுத்தால் தோராயமாக பவுண்டில் எடை வரும். 20 அங்குல நீளம், 11 அங்குலச் சுற்றளவு என்றால் 3 பவுண்டு, சுமார் 1.4 கிலோ. படம் எடுப்பவர் தயாரானபின் தூக்குங்கள், சில நொடிகளில் இறக்குங்கள்.

தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தொட்டால் ட்ரவுட்டைப் பிடித்து விடுவதுகூட அதற்கு ஆபத்து. மாண்டானாவில் மூன்று நாள் தொடர்ந்து 73 டிகிரி ஃபாரன்ஹீட் (சுமார் 23 செல்சியஸ்) எட்டினால், பிற்பகல் 2 மணியிலிருந்து நள்ளிரவு வரை தூண்டில் போடத் தடை வரலாம். கிளம்பும் முன் மாநில மீன்வளத் துறையின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

படி 7: வைட்ஃபிஷ் என்றால் என்ன செய்வது

முதலில், செய்யக்கூடாதது. எரிச்சலில் கரையில் வீசிவிட்டுப் போகும் பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது, இன்னும் முழுதாக ஒழியவில்லை. ட்ரவுட்டுக்குத் தீனியில் போட்டி என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். வைட்ஃபிஷும் கட்த்ரோட்டும் ஆயிரக்கணக்கான வருடம் ஒரே ஆற்றில் வாழ்ந்தவை. போட்டிக்கு வந்தது பிரவுன், அதைத்தான் நாம் கொண்டாடுகிறோம். வைட்ஃபிஷ் முட்டையும் குஞ்சும் ட்ரவுட்டின் தீனி என்பது வேறு. மாண்டானாவில் வைட்ஃபிஷ் சட்டப்படி விளையாட்டு மீன் வகையைச் சேர்ந்தது. உணவாகக்கூடியதைப் பிடித்து வீணடிப்பது குற்றம்.

அது எளிதில் உடையும் மீன் என்பது 2016 ஆகஸ்டில் எல்லோருக்கும் தெரிந்தது. யெல்லோஸ்டோன் ஆற்றில் ஆயிரக்கணக்கில் செத்து ஒதுங்கின, ஏறக்குறைய எல்லாமே வைட்ஃபிஷ். சிறுநீரகத்தைத் தாக்கும் ஓர் ஒட்டுண்ணி காரணம். தண்ணீர் குறைந்து சூடேறியதும் நோய் கடுமையானது. மாநில அரசு சுமார் 183 மைல் ஆற்றை எல்லா விதப் பொழுதுபோக்குக்கும் மூடியது. படகு வழிகாட்டிகளுக்கு வருமானம் நின்றது. அதுவரை வைட்ஃபிஷை ஒரு பொருட்டாக நினைக்காதவர்களும் அந்த மாதம் அதைப் பற்றியே பேசினார்கள்.

விடுவதென்றால் ட்ரவுட்டுக்குக் காட்டும் அதே கவனம். வாய் மெல்லியது, சுலபமாகக் கிழியும். பின்னோக்கி நிற்கும் கொக்கியை நசுக்கிய தூண்டில் முள்ளும் நீண்ட மூக்குக் குறடும் இருந்தால் தண்ணீருக்குள்ளேயே ஒரு திருகில் கழன்றுவிடும்.

பைக்மின்னோ கதை வேறு. கொலம்பியா, ஸ்னேக் நதிகளில் அணைகள் கட்டியபின் அது சால்மன் குஞ்சுகளை அதிகம் தின்கிறது என்று, 1990-களின் தொடக்கத்திலிருந்து பிடித்துக் கொடுப்பவர்களுக்குப் பணம் கொடுக்கிறார்கள். குறைந்தது 9 அங்குலம் இருக்க வேண்டும், முதலில் பதிவு செய்ய வேண்டும். ட்ரவுட்டைத் தேடிப் போய்ப் பைக்மின்னோவோடு திரும்புகிறவருக்கு அங்கே குறைந்தபட்சம் பெட்ரோல் செலவு வந்துவிடும்.

வைட்ஃபிஷைத் தவிர்க்கவேண்டும் என்றே இருந்தால்

ஃப்ளையைப் பெரிதாக்குங்கள். குட்டி வாயில் நுழையாத அளவு சிறுமீன் வடிவ ஸ்ட்ரீமரைக் கட்டினால் பெரும்பகுதி கழிந்துவிடும். நடு ஆழத்தை விட்டுக் கரைக்கு வாருங்கள். மெதுவான மடுவை விட்டு அதன் தலைப்பகுதியில் வேகமாக இறங்கும் தண்ணீருக்குப் போங்கள். நிம்ஃப் போட்டே ஆகவேண்டும் என்றால் அடியிலிருந்து ஒரு சாண் உயர்த்தி ஓட்டுங்கள், ட்ரவுட் தீனிக்கு மேலே எழும்பும், வைட்ஃபிஷ் அந்த அளவு சிரமப்படாது. இதில் எதுவும் நூற்றுக்கு நூறு கிடையாது. பிற்பகலில் பூச்சி பறக்கும்போது வைட்ஃபிஷ் மேலே வந்து மிதக்கும் ஃப்ளையையும் எடுக்கும்.

எடுத்துப் போவதென்றால், அன்றன்றைக்கு எத்தனை எடுக்கலாம் என்ற விதியைப் பார்த்துக்கொண்டு, குளிர்மாத மீனாக எடுங்கள், அப்போது கொழுப்பு நன்றாக இருக்கும். பிடித்தவுடன் குடலை எடுத்து ஐஸில் வையுங்கள். பொரித்தால் நடு முள் தொல்லை. புகையில் வாட்டுவதற்குத்தான் இது பிறந்தது. உப்பும் பழுப்புச் சர்க்கரையும் கரைத்த தண்ணீரில் ஓர் இரவு ஊறவிட்டு, தோல் மேலே பிசுபிசுப்பாகக் காயும்வரை காற்றில் வைத்து, ஆல்டர் அல்லது ஆப்பிள் மரப்புகையில் வாட்டுங்கள். உள்ளே 70 டிகிரி செல்சியஸை எட்டி அரை மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். சூடாக இருக்கும்போதே முதுகெலும்பைப் பிடித்து இழுத்தால் முள்ளெல்லாம் அதோடு சேர்ந்து வந்துவிடும்.